ஆப்பு வாங்காமல் ஷேர் வாங்க: மொபைல் டிரேடிங்குக்கு ஒரு முழு வழிகாட்டி

மும்பை லோக்கல் ரயிலில் செம்பூரில் ஏறி சி.எஸ்.எம்.டி.யில் இறங்குகிற எனக்கு, காலை 9:15 பெரும்பாலும் வடாலாவுக்கும் சிவ்ரிக்கும் நடுவில் வரும். மார்க்கெட் திறக்கிற நேரம். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் போன். சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சின்னக் கம்பெனி ஒன்றின் ஷேர் 300 வாங்க 'பை' அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். காட்டன் கிரீன் தாண்டி ஆப் உயிர் பெற்றபோது என் பெயரில் 600 ஷேர் இருந்தது. 84 ரூபாய்க்கு வாங்கப் போனவன் 88 வரை கொடுத்திருந்தேன். இரண்டாவது 300க்குப் போனது, அடுத்த வாரம் ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதற்காக எடுக்காமல் விட்டுவைத்திருந்த பணம்.

அந்தக் கதையை வெளியில் சொன்னதிலிருந்து ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். செட்டா நகர் முருகன் கோயில் படியில் நின்று ஒருவர், தாராவி 90 அடி ரோட்டில் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர், ஆபீஸ் லிஃப்டில் இரண்டு பேர். கேட்டவரையில், மார்க்கெட் இறங்கி நஷ்டப்பட்டவர்களுக்குச் சமமாக, விரலாலும் அவசரத்தாலும் நஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். எந்த ஷேர் வாங்குவது என்று இங்கே சொல்லப் போவதில்லை. அது எனக்கும் தெரியாது. வாங்குகிற வேலையை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான்.

முதலில் ஒன்று: ஷேர் எங்கே இருக்கிறது?

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் ஃபோர்ட்டில் புரோக்கர் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தலால் தெருவில் வட்டமாக நின்று கத்தி விலை பேசிய காலத்தையும், 1995-ல் பி.எஸ்.இ. என்கிற பம்பாய் பங்குச் சந்தை கம்ப்யூட்டருக்கு மாறியதையும் கண்ணால் பார்த்தவர். அப்போது ஷேர் என்றால் காகிதம். பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். கையெழுத்து கொஞ்சம் மாறினால் கம்பெனி திருப்பி அனுப்பிவிடும். "பேட் டெலிவரின்னு ஒரு வார்த்தை உண்டு, உனக்கெல்லாம் தெரியாது" என்பார்.

அந்தக் காகிதத்துக்குப் பதிலாக வந்த கம்ப்யூட்டர் கணக்குதான் டிமேட். உங்கள் ஷேர் இருப்பது ஆப்பிலும் இல்லை, புரோக்கரிடமும் இல்லை. 1996-ல் தொடங்கிய என்.எஸ்.டி.எல்., 1999-ல் தொடங்கிய சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளில், அதாவது ஷேர்க் காப்பகங்களில், ஒன்றில் உங்கள் பெயரில் இருக்கிறது. இரண்டின் தலைமையகமும் நம் மும்பைதான். புரோக்கர் என்பவர் உங்கள் ஆர்டரை எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது பங்குச் சந்தைக்கு, கொண்டுபோகிறவர். ஆப் அவருடைய கடை ஜன்னல். ஜன்னல் சாத்தியிருந்தால் சரக்கு காணாமல் போனது என்று அர்த்தமில்லை.

2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தபோது, பெரிய 50 கம்பெனிகளின் குறியீடான நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. என் ஆப்பில் ஹோல்டிங்ஸ் (கையிருப்பு) பக்கம் கொஞ்ச நேரம் வெறுமையாகக் காட்டியது. அடுத்த ஃபிளாட் அக்கா, "தம்பி, என் ஷேரெல்லாம் போயிடுச்சு" என்று கதவைத் தட்டினார். டெபாசிட்டரியின் தளத்தில் நேரே நுழைந்து காட்டியதும்தான் உட்கார்ந்தார். ஆகவே கணக்குத் திறந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள்: சி.டி.எஸ்.எல். என்றால் 'ஈசி', என்.எஸ்.டி.எல். என்றால் 'ஐடியாஸ்' என்ற சேவையில் பதிவு செய்யுங்கள். உங்கள் டிமேட் எண் 16 இலக்கமும் எண்ணாகவே இருந்தால் சி.டி.எஸ்.எல்.; 'ஐ.என்.' என்ற எழுத்தில் தொடங்கினால் என்.எஸ்.டி.எல்.

படி 1: கணக்குத் திறப்பதும் நம் இனிஷியலும்

பான், ஆதார், வங்கிக் கணக்கு, கையெழுத்து, ஒரு செல்ஃபி. பத்து நிமிஷ வேலை என்பார்கள். தமிழனுக்குப் பத்து நிமிஷத்தில் முடியாது, காரணம் இனிஷியல்.

பேங்க் பாஸ்புக்கில் 'எஸ். முருகன்'. பான் கார்டில் இனிஷியல் கூடாது என்பதால் அப்பா பெயர் விரிந்து 'முருகன் சுப்பையா'. ஆதாரில் வெறும் 'முருகன்'. புரோக்கர் உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, அங்கே திரும்பி வருகிற பெயரைப் பானில் உள்ள பெயரோடு ஒப்பிடுவார். பொருந்தவில்லை என்றால் நிராகரிப்பு, அல்லது கேன்சல் செக் கேட்பது, அல்லது ஒரு வாரம் இழுத்தடிப்பு. இதற்கு ஆப்போடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. முதலில் வங்கிக்குப் போய்ப் பானில் உள்ளபடி பெயரை மாற்றுங்கள். பிறகு ஆதார். மூன்றும் ஒரே மாதிரி ஆன பிறகு கணக்குத் திறங்கள். பின்னாளில் வாரிசுக்கு ஷேர் மாறும்போதும் இதே பெயர்ச் சிக்கல்தான் முன்னால் வந்து நிற்கும்.

ஆதாரில் திருநெல்வேலி முகவரி இருந்தால் பரவாயில்லை. நிரந்தர முகவரியாக ஊரும், தொடர்பு முகவரியாக மும்பையும் கொடுக்கலாம். மொபைல் எண்ணும் ஈமெயிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கணக்குத் திறந்து தருகிறேன் என்று வருகிற பையன் தன் ஈமெயிலைப் போட்டுவிட்டுப் போன கதை எனக்கு இரண்டு தெரியும். நாமினியைத் தள்ளிப் போடாதீர்கள், அன்றே போடுங்கள்.

எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்: ஷேரை வாங்காமல் அதன் விலை எங்கே போகும் என்பதன் மேல் போடுகிற ஒப்பந்தங்கள்) என்ற பெட்டியில் டிக் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். காரணம் பின்னால்.

படி 2: புரோக்கரும் கட்டணமும்

2010-ல் பெங்களூரில் ஜெரோதா தொடங்கி ஆர்டருக்கு இவ்வளவு என்ற ஒற்றைக் கட்டணத்தைப் பரப்பிய பிறகு, புரோக்கரேஜ் பெரிய விஷயமில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. 'ஜீரோ புரோக்கரேஜ்' என்றால் ஜீரோ செலவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

10,000 ரூபாய்க்கு ஒரு ஷேர் வாங்கி, சில நாள் கழித்து 10,100க்கு விற்கிறீர்கள். நூறு ரூபாய் லாபம். டெலிவரியில், அதாவது ஷேரை டிமேட்டில் வாங்கி வைத்துக்கொள்கிற முறையில், எஸ்.டி.டி. என்கிற வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம், ஆக 20 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், ஒன்றரை ரூபாய். விற்கும் நாளில் டிமேட்டிலிருந்து ஷேரை எடுக்க டி.பி. கட்டணம், ஜி.எஸ்.டி.யோடு 15 முதல் 20 வரை. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சில பைசா. மொத்தம் 40 ரூபாயை ஒட்டி வரும். இதுதான் ஜீரோ புரோக்கரேஜ். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்குகிற புரோக்கர் என்றால் ஜி.எஸ்.டி.யோடு இன்னும் 47 ரூபாய். நூறில் கையில் நிற்பது 13. பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றதால் லாபத்துக்கு 20 சதவீத வருமான வரி வேறு.

டி.பி. கட்டணம் எத்தனை ஷேர் விற்றாலும் ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். பத்து ஷேரைப் பத்து நாளில் ஒவ்வொன்றாக விற்கிறவர் பத்து முறை கட்டுகிறார். அண்ணாச்சி இதைத்தான் செய்துகொண்டிருந்தார். "சில்லறை வியாபாரம் பண்ணிப் பழகிட்டேன்லா" என்றார்.

வருடாந்திர டிமேட் கட்டணத்தில் ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. ஒரே ஒரு டிமேட் மட்டும் வைத்திருந்து, அதில் உள்ள மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால், அடிப்படைச் சேவைக் கணக்கில் கட்டணமே இல்லை; 10 லட்சம் வரை வருஷத்துக்கு 100 ரூபாய். 2024 செப்டம்பரிலிருந்து இந்த வரம்பு.

படி 3: ஆர்டர் போடுவது

முழுப் பணமும் ஆபத்தில் நிற்கிற இடம் இந்த ஒரு பக்கம்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் கேள்வி டெலிவரியா, இன்ட்ராடேயா. ஆப்களில் இது சின்ன எழுத்தில், பொத்தான் மாதிரி இருக்கும். சிலவற்றில் டெலிவரிக்கு 'சி.என்.சி.', இன்ட்ராடேக்கு 'எம்.ஐ.எஸ்.' என்று போட்டிருக்கும். இன்ட்ராடேயில் வாங்கினால் அன்று மூன்றே கால் வாக்கில் புரோக்கரின் கம்ப்யூட்டரே விற்றுவிடும், லாபமோ நஷ்டமோ. அதற்குத் தனியாக ஒரு கட்டணமும் பல இடங்களில் உண்டு. நீண்ட நாள் வைத்திருக்க வாங்கியதை மாலையில் காணோம் என்று தேடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பொத்தானைப் பார்க்காதவர்கள். இன்ட்ராடேயில் அதிகபட்சம் ஐந்து மடங்கு வரை கடன் தருவார்கள். 20,000 வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கு வாங்கலாம் என்று ஆப் காட்டும்போது, அது உங்கள் வசதி இல்லை. ஷேர் 4 சதவீதம் இறங்கினால் உங்கள் 20,000-ல் 4,000 போய்விடும்.

இரண்டாவது கேள்வி மார்க்கெட் ஆர்டரா, லிமிட் ஆர்டரா. மார்க்கெட் ஆர்டர் என்றால் 'என்ன விலையானாலும் கொடு'. லிமிட் என்றால் 'இந்த விலைக்கு மேல் தர மாட்டேன்'. பெரிய கம்பெனியில், சாதாரண நேரத்தில், மார்க்கெட் ஆர்டரால் பெரிய கேடு வராது. சின்னக் கம்பெனியில்தான் வினை. 'மார்க்கெட் டெப்த்' என்று ஆப்பில் ஒரு பட்டியல் இருக்கும். இடது பக்கம் வாங்கக் காத்திருப்பவர்கள், வலது பக்கம் விற்கக் காத்திருப்பவர்கள், ஐந்தைந்து வரிசை. என் விஷயத்தில் 84 ரூபாய்க்கு விற்க 40 ஷேர்தான் இருந்தது. அடுத்தது 85-க்கு, அடுத்தது 86-க்கு. என் ஆர்டர் அந்தப் படிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே 88 வரை ஏறியது. லிமிட்டில் 84.50 என்று போட்டிருந்தால் கிடைத்தது போதும் என்று நின்றிருக்கும். நான் இப்போது எதற்குமே மார்க்கெட் ஆர்டர் போடுவதில்லை. சிலர் இதை அதீத ஜாக்கிரதை என்பார்கள், இருக்கட்டும்.

மூன்றாவது, எண்ணிக்கைப் பெட்டியும் விலைப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 150 ரூபாய் ஷேர் 20 வாங்க நினைத்து, 20 ரூபாய்க்கு 150 என்று போடுவது சகஜம். மொத்தத் தொகையைப் பார்த்தால் தெரியாது, இரண்டுக்கும் ஒரே 3,000தான். அழுத்துவதற்கு முன் எண்ணிக்கையையும் விலையையும் தனித்தனியாக வாய்விட்டுப் படியுங்கள். லோக்கலில் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டிப் போடுகிற ஆர்டர், பற்றி ஒரு தப்பெண்ணம்: போட்டுவிட்டால் அந்த விலைக்கு விற்றுவிடும் என்று. விலை அங்கே வந்ததும் ஒரு விற்பனை ஆர்டர் கிளம்பும், அவ்வளவுதான். ராத்திரி கெட்ட செய்தி வந்து காலையில் ஷேர் பத்து சதவீதம் கீழே திறந்தால், உங்கள் விலையில் வாங்க ஆள் இருக்காது. லோயர் சர்க்யூட் (அன்றைக்கு இதற்குக் கீழே இறங்க முடியாது என்ற எல்லை) அடித்துவிட்டால் எந்த விலையிலும் ஆள் இருக்காது. 'ஜி.டி.டி.' என்று மாதக்கணக்கில் காத்திருக்கிற ஆர்டரும் புரோக்கரின் கம்ப்யூட்டரில்தான் தூங்குகிறது, எக்ஸ்சேஞ்சில் இல்லை.

9:15-லிருந்து முதல் கால் மணி நேரம் விலை தறிகெட்டு ஆடும். ஆப்களும் அந்த நேரத்தில்தான் திணறும். பத்து மணிக்குப் போடுங்கள். முதலீட்டுக்காக வாங்குகிறவருக்கு அந்த முக்கால் மணி நேரத்தில் இழப்பு ஒன்றுமில்லை.

படி 4: வட்டம் சுற்றினால்

மறுபடி அழுத்தக் கூடாது. 'ஆர்டர்ஸ்' பக்கம் போங்கள். 'ஓபன்' என்றால் எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கிறது. 'எக்ஸிக்யூட்டட்' என்றால் முடிந்தது. 'ரிஜெக்டட்' என்றால் காரணத்தைப் படியுங்கள், பெரும்பாலும் பணம் போதாதது. எதுவுமே காட்டவில்லை என்றால் ஆப்பை மூடி, பிரவுசரில் அதே புரோக்கரின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆப் திணறுகிறபோது தளம் வேலை செய்வது உண்டு. புரோக்கரின் போன் ஆர்டர் எண்ணைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவைத்திருங்கள். தேவைப்படும் நேரத்தில் ஆப்பில் அந்த எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட முடியாது.

படி 5: ராத்திரி வருகிற காண்ட்ராக்ட் நோட்

மாட்டுங்கா மாமா ஆப்பை நம்புவதில்லை, காண்ட்ராக்ட் நோட்டை நம்புகிறார். 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் அனுப்பியாக வேண்டிய ரசீது அது. எத்தனை மணிக்கு, என்ன விலைக்கு, எத்தனை ஷேர், எந்தெந்தக் கட்டணம் என்று வரிவரியாக இருக்கும். பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் பான் எண். தகராறு வந்தால் நிற்கிற சாட்சி இதுதான். ஸ்கிரீன்ஷாட்டுக்கு இந்த மதிப்புக் கிடையாது.

எக்ஸ்சேஞ்சிலிருந்தும் டெபாசிட்டரியிலிருந்தும் வருகிற எஸ்.எம்.எஸ்.களை விளம்பரம் என்று அழிக்காதீர்கள். வர்த்தகம் நடந்தால் வரும். ஷேர் டிமேட்டை விட்டு வெளியே போனால் வரும். ஈமெயிலில் 'கேஸ்' என்று ஒருங்கிணைந்த அறிக்கை வரும், வர்த்தகம் செய்த மாதங்களில் மாதாமாதம். ஆப் காட்டுகிற எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை, ஆப்பில் இருந்த பணம் கேட்காமலே வங்கிக்குத் திரும்பி வந்தால் பதறாதீர்கள். உபயோகிக்காத பணத்தை மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒரு முறை திருப்ப வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் விதி. நல்ல விதி. ஸ்கூல் ஃபீஸை ஆப்பில் வைத்த என் போன்றவர்களுக்காகப் போட்டது போல.

படி 6: விற்பது

இன்று வாங்கியது நாளை டிமேட்டுக்கு வரும். 2023 ஜனவரி 27-லிருந்து எல்லா ஷேருக்கும் இந்த ஒரு நாள் கணக்குதான். வந்து சேருவதற்கு முன்பே விற்கப் பல ஆப்கள் அனுமதிக்கும். உங்களுக்கு விற்றவர் ஷேரைத் தராமல் போனால் ஏலம், அபராதம் என்று சுமை உங்கள் தலைக்கு வரலாம். ஒரு நாள் பொறுங்கள்.

விற்கும்போது சி.டி.எஸ்.எல். கணக்கென்றால் டி-பின் என்ற ரகசிய எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்கிறதே என்று சலிப்பவர்களுக்கு 'டி.டி.பி.ஐ.' என்ற கையொப்பப் பத்திரம் உண்டு. பழைய பவர் ஆஃப் அட்டர்னி போல அகலமானது இல்லை, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமே செல்லும். வருஷத்துக்கு நாலு தடவை விற்கிறவருக்கு அதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். டி-பின் மறந்து தேடுகிற இரண்டு நிமிஷத்தில் பல பேர் விற்கிற யோசனையையே கைவிட்டிருக்கிறார்கள், அதில் சிலர் பிழைத்துமிருக்கிறார்கள்.

படி 7: எல்லாமே நின்றுபோனால்

2021 பிப்ரவரி 24 அன்று 11:40 மணிக்கு என்.எஸ்.இ. என்கிற தேசியப் பங்குச் சந்தையே நின்றுவிட்டது. ஆப்பின் குற்றமில்லை, எக்ஸ்சேஞ்சின் கோளாறு. மாலை 3:45-க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. டெலிவரியில் வாங்கியவர்கள் டீ குடித்தார்கள். இன்ட்ராடேயில் மாட்டியவர்கள் பாடு திண்டாட்டம், ஏனென்றால் மறுபடி திறக்குமா என்று தெரியாமலே பல புரோக்கர்கள் பி.எஸ்.இ.யில் அவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள்.

கோளாறு புரோக்கர் பக்கம் என்றால், 2023 அக்டோபரிலிருந்து 'இர்ரா' என்ற மாற்று வழி இருக்கிறது. எக்ஸ்சேஞ்சுகள் சேர்ந்து நடத்துவது. அது திறக்கப்பட்டால் உங்களுக்குச் செய்தி வரும். அதில் நுழைந்து நிலுவையில் உள்ள ஆர்டரை ரத்து செய்யலாம், திறந்திருக்கிற பொசிஷனை (இன்னும் முடிக்காத வர்த்தகத்தை) முடிக்கலாம். புதிதாக வாங்க முடியாது. இரண்டாவது புரோக்கரிடம் இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். 4 லட்சத்துக்குள் இருக்கிறவர் வேண்டாம், மேலே சொன்ன கட்டணச் சலுகை போய்விடும்.

எஃப் அண்ட் ஓ, சுருக்கமாக

2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷக் கணக்கைச் செபி எடுத்துப் பார்த்தது. எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? ஆப் அனுப்புகிற 'இன்று எக்ஸ்பயரி' (இந்த ஒப்பந்தங்கள் முடிகிற நாள்) நோட்டிஃபிகேஷனை செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

போலி ஆப்

போன வருஷம் அண்ணாச்சியின் தங்கச்சி மாப்பிள்ளை காட்டிய ஆப் அசலைவிட அழகாக இருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு 'சார்', சுத்தமான தமிழில் தினமும் வகுப்பு எடுத்தார். லிங்க் அனுப்பி ஆப்பை இறக்கச் சொன்னார். 50,000 போட்டது பத்து நாளில் 1,80,000 என்று காட்டியது. முதலில் 5,000 எடுத்துப் பார்த்தார், வந்தது. அதுதான் தூண்டில் புழு. பெரிய தொகை எடுக்கப் போனபோது, "முதலில் 20 சதவீதம் வரி கட்டு" என்றார்கள். கட்டினார்.

லாபத்துக்கான வரியை வருமான வரித் துறைக்கு நீங்கள்தான் கட்டுவீர்கள். பணத்தை விடுவிக்க எந்தப் புரோக்கரும் முன்கூட்டி வரி கேட்க மாட்டார். இந்த ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் அந்த இரண்டாவது தொகையாவது தப்பித்திருக்கும்.

புரோக்கரின் செபி பதிவு எண் 'ஐ.என்.இஸட்.' என்று தொடங்கும். செபி தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பணம் தனி ஆளின் கணக்குக்கோ சம்பந்தமில்லாத ஏதோ கம்பெனி கணக்குக்கோ போகிறது என்றால் நிறுத்துங்கள். 2025 அக்டோபர் 1 முதல் பதிவு பெற்ற நிறுவனங்களின் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்ற சொல் வரும். புரோக்கர் என்றால் 'பி.ஆர்.கே.' என்ற எழுத்துகளும் இருக்கும். எல்லாவற்றையும் விடச் சுலபமான சோதனை: சிறு தொகைக்கு ஒரு ஷேர் வாங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து அது டெபாசிட்டரியின் தளத்தில் உங்கள் பெயரில் தெரிகிறதா பாருங்கள். போலி ஆப்பால் அங்கே ஒரு ஷேரைக் கூட வைக்க முடியாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு.

புகார்

முதலில் புரோக்கருக்கு எழுத்தில். போனில் கத்துவது கணக்கில் வராது. ஆர்டர் எண், நேரம், காண்ட்ராக்ட் நோட், பிழைச் செய்தியின் படம் எல்லாம் சேர்த்து ஈமெயில். பதில் திருப்தியில்லை என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளம். 21 நாளுக்குள் புரோக்கர் பதில் தர வேண்டும், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் நீங்கள் புகார் போட வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் 'ஸ்மார்ட் ஓ.டி.ஆர்.' தளத்தில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பு, எல்லாம் ஆன்லைனிலேயே. சந்தேகம் கேட்க செபியின் எண் 1800 266 7575, இலவசம்.

என் 600 ஷேர் விவகாரத்தில் நானும் புகார் எழுதினேன். நாலாவது நாள் புரோக்கரிடமிருந்து பதிவேடு வந்தது: இரண்டு ஆர்டர், இரண்டும் என் போனிலிருந்து, நடுவில் 11 விநாடி. இரண்டுமே மார்க்கெட் ஆர்டர். அதற்கு மேல் யாரிடம் போவது? கூடுதல் 300-ஐ அந்த வாரமே விற்று ஃபீஸ் கட்டினேன். டி.பி. கட்டணத்தோடு.